வலத்தே பாடியவன் நான்தான்

எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவின் செல்லப்பா, இடப்பக்கத்தில் இருந்தபடியே கதையை எடுத்துப் பாடி, கோயில் கொடைவிழாவில் மாடசாமியை வரவழைத்த அந்த மத்தியானத்தை நேரில் பார்த்ததாக இதுவரை என்னிடம் சொன்னவர்கள் நூற்றுப் பதினேழு பேர். பேருந்து நிலையத்தில் சொன்னார்கள், கல்யாணப் பந்தியில் சொன்னார்கள், ஆடித்தபசுக் கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டே சொன்னார்கள். பாட்டு தொடங்கும் முன் பந்தலில் தலை எண்ணுவது என் வழக்கம். அன்றைக்குக் குழந்தைகளை விட்டால் எண்பத்து நான்கு தலை. அதில் பாதிப் பேராவது இப்போது இல்லை. மற்றவர்கள் எங்கிருந்து பார்த்தார்கள் என்பது மாடசாமிக்குத்தான் தெரியும். கடையநல்லூர் ஜவுளி வியாபாரி ஒருவர், பந்தல்கால் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொல்லிக் கண் கலங்கினார். அந்த வருடம் முழுக்க அவர் துபாயில் இருந்தார். அவருடைய மச்சானே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போன ஆவணியில் செல்லப்பா குழுவில் இப்போது பாடும் இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். அவனுக்கு மணிவிழாவாம். மலர் போடுகிறார்களாம். அவன் படங்களுக்குப் பதினாறு பக்கம். எனக்கு ஒன்றரைப் பக்கம்.

"பெரியவரே, அந்தக் கொடையப் பத்தி எழுதித் தாங்க. நீங்களும் அன்னைக்கு அங்கன இருந்தீங்களாமே" என்றான் ஒருவன்.

"இருந்தேன்."

"பந்தல்ல எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"வில்லுக்குப் பின்னால."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கத்தில் அடங்கவில்லை. அவர்கள் போடாவிட்டால் போகட்டும்.

வில்லுப்பாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். மணி கட்டிய பெரிய வில்லைத் தரையில் கிடத்தி, நடுவில் மண்குடத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கும். வலப்பக்கம் உட்காருகிறவர் புலவர். கையில் வீசுகோலை வைத்து நாணில் அடித்துக்கொண்டே அவர்தான் கதையை எடுப்பார். இடப்பக்கம் இருப்பவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். கதையை வசனமாகச் சொல்லும் இடங்களில் புலவர் ஒரு வாக்கியம் சொன்னால் இடப்பக்கத்து முதல் ஆள் "ஆமா" போட வேண்டும். கூட்டத்தின் சார்பில் கேட்கிறவன் அவன்தான். மாலையும் பெயரும் வலத்துக்கு. ஆமா இடத்துக்கு. நான் இடத்தே பாடியவன்.

திருநெல்வேலியில் பி.யூ.சி. படித்துவிட்டு, அரசாங்கப் பரீட்சையை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் போயிற்று. நான்காவது முறை விண்ணப்பம் வாங்கப் போன அன்று, வழியில் ஒரு கோயில் கொடையில் குருசாமிப் புலவர் பாடுவதைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. புலவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். படித்தவன் என்பதால் எனக்குப் "பியூசி" என்று பேர் வைத்தார். அந்தப் பேர்தான் நிலைத்தது.

புலவரிடம் வேலை கற்றவன் வேறு எவரிடமும் வேலை பார்க்க முடியாது. வில்லை அவரே கட்டுவார். பிறர் கட்டியதை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவார். குடத்தைத் தட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் ஓசையில்லாமல் ஓரமாக வைத்துவிடுவார். குடம் அடிக்கும் வேலாயுதம் ஒரு கொடைக்கு மூன்று குடம் சுமந்து வருவான். பாடும்போது புலவர் இடப்பக்கம் திரும்பவே மாட்டார். ஆமா சரியான நேரத்தில் விழுந்தால் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. தாமதமானால் வீசுகோலை அப்படியே காற்றில் நிறுத்திவிடுவார். கூட்டம் முழுவதும் அந்தக் கோலைப் பார்க்கும். பிறகு என்னைப் பார்க்கும். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

"ஆமாங்கிறது ஒரு சொல்லுன்னு நெனச்சீராவே?" என்று முதல் வருடமே கேட்டார். நான் எண்ணிப் பார்த்தேன். பதினொரு வகை இருந்தது. சந்தேகத்துக்கு ஒன்று. பயத்துக்கு ஒன்று. 'அப்படியா சங்கதி' என்பதற்கு ஒன்று. புலவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்கும் நீண்ட ஆமா ஒன்று. கதையில் பொய் சொல்லும் அமைச்சனை நம்பாத ஆமா ஒன்று. அதற்கு எப்போதும் சிரிப்பு வரும். செத்த வீட்டு ஆமாவைப் போட வாயைத் திறக்கக் கூடாது. அது மூக்கிலிருந்து வர வேண்டும். இந்தப் பதினொன்றும் எனக்கு இருபத்து நான்கு வருடத்தில் பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. அவர் வாக்கியத்தின் கடைசி எழுத்து விழும் முன்னே என் வாய் தானாகத் திறக்கும்.

இடத்தே இருந்தாலும் எல்லாக் கதையும் எனக்கு மனப்பாடம். பத்தொன்பது கதை. ஒரு வரி தப்பாது. ஒருநாள் வலத்தே உட்காருவேன் என்றே இருந்தேன். அதற்காகத் தொண்டையைக் காத்தேன். குளிர்ந்த தண்ணீர் கிடையாது. ஊறுகாய் கிடையாது. மார்கழியில் கழுத்தில் மப்ளர் இல்லாமல் வாசலுக்கு வர மாட்டேன். என் மனைவி, "கழுத்துல கட்டுன தாலிய நான்கூட இப்பிடிப் பாத்துக்கிட்டதில்ல" என்பாள்.

பிறகு செல்லப்பா வந்தான். சிவகிரி போகும் தனியார் பேருந்தில் கண்டக்டர். லீவு நாளில் எங்களோடு தாளம் போட வந்தான். என்னை விடப் பதினான்கு வயது இளையவன். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு "புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி" என்று கத்திக் கத்தி அவன் தொண்டை திறந்து கிடந்தது. பாடப் போகும் முன் மிளகாய் பஜ்ஜி தின்பான். அதன்மேல் ஐஸ் போட்ட சோடா. நான் கஷாயத் தம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாளாவது அவனுக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். கட்டவில்லை.

"அண்ணாச்சி, அந்தக் கஷாயத்துல என்ன இருக்கு?" என்று ஒருமுறை கேட்டான்.

"சுக்கு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு."

"அடேயப்பா, பலசரக்குக் கடையே உள்ள இருக்கு. பாட்டுக்கு எங்கன எடம்?"

வேலாயுதம் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். செல்லப்பாவுக்குத் தலைமுடியும் அதிகம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கொடை மேலநீலிதநல்லூருக்குத் தெற்கே ஒரு ஊரில். மாடசாமி கோயில். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கொடை. முதல் நாள் ராஜபாளையம் பக்கம் பாடிவிட்டு நேராக வந்து, ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் தங்கினோம். காலையில் புலவர் குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். மறுபடியும் காற்றுதான். கிழட்டு யானை போலக் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார்.

உப்புத் தண்ணீர், தேன், என் கஷாயம், எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். பத்து மணிக்குக் கோயில் தலைவர் வந்தார். வெள்ளை மீசைக்காரர்.

"என்னவே இது? குருசாமி வில்லுன்னு சுத்துப்பட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு. மத்தியானம் சாமி வரலைன்னா மூணு வருசத்துக்கு இந்த ஊரு என்ன செய்யும்?"

பாடாமல் திரும்பவும் முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். விடியும்போதே வில்லுக்குக் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டிய வில்லைக் கதை முடித்து வாழி பாடாமல் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் அந்த ஊருக்கும் ஆகாது, வில்லுக்கும் ஆகாது. இந்த வழக்கத்தை மீறிய குழு ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை.

புலவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். செல்லப்பா பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். புலவர் விரலை நீட்டினார். என்னை நோக்கி.

அந்த விரலை நான் நன்றாகப் பார்த்தேன். சரியாக என்னை நோக்கித்தான் நீட்டினார். இதைச் சந்தேகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வலத்தே உட்கார்ந்தேன். என் பழைய இடத்தில் செல்லப்பா உட்கார்ந்தான். புலவர் எங்களுக்குப் பின்னால் தூணில் சாய்ந்துகொண்டு வீசுகோலை என் கையில் கொடுத்தார். காப்புப் பாட்டை எடுத்தேன். குரல் தெளிவாக வந்தது. அவையடக்கம் பாடும்போது கூட்டத்தில் ஒரு கிழவர் தலையாட்டினார். வேலாயுதம் குனிந்து, "நல்லா இருக்கு பியூசி, விடாதேயும்" என்றான். இதற்கெல்லாம் அவன் சாட்சி. அவனும் போன வருடம் போய்விட்டான்.

பிறகு வசனம். "கயிலாயத்திலே பரமசிவனும் பார்வதியும் அமர்ந்திருக்காங்க" என்றேன்.

"ஆமா" என்றது ஒரு குரல்.

அது என் குரல்.

செல்லப்பா தாமதம் செய்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆமா என்பது கடைசி எழுத்து மூடும் முன் விழ வேண்டும். அவனோ பயணி இறங்கி, சாக்கை இறக்கி, வேட்டியையும் சரிசெய்துகொண்ட பிறகு விசில் ஊதும் கண்டக்டர். அந்தச் சிறு இடைவெளியில் இருபத்து நான்கு வருடப் பழக்கம் என் வாயைத் திறந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி உரக்கச் சொன்னாள்:

"ஏட்டி, அவரே சொல்லி அவரே ஆமா போடுதாரு!"

பந்தல் சிரித்தது. நானும் சிரித்தது போல் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தேன். வாயைக் கவனித்துக்கொண்டேன். வாயைக் கவனித்தால் கை தப்பியது. கையைக் கவனித்தேன். இரண்டாவது ஆமா விழுந்தது. அதற்கு முதல் தடவையை விடப் பெரிய சிரிப்பு. மூன்றாவதற்குச் சின்னப் பிள்ளைகள் எனக்கு முன்னமே "ஆமா" என்று கத்தத் தொடங்கின. பின்னால் புலவர் இருமும் சத்தம் கேட்டது. இருமுவதற்கும் அவருக்குக் குரல் இல்லை. அது வெறும் மூச்சு.

கதை எப்படியோ வரத்துக்கு வந்து சேர்ந்தது. வரத்து என்றால் சாமியை அழைக்கும் இடம். பாட்டு ஏற ஏற, பீடத்தின் முன் நிற்கும் சாமியாடிக்கு அருள் வரும். முதலில் கால் பெருவிரல் நடுங்கும். பிறகு முழங்கால். அன்றைக்குப் பெருவிரல் நடுங்கியதைப் பார்த்தேன். முழங்காலும் நடுங்கியது. குடமும் உடுக்கையும் உச்சிக்குப் போயின. பெண்கள் குலவையிட வாயில் கை வைத்தார்கள். "வாரானே மாடன் வாரானே" என்று எடுத்தேன். செல்லப்பா வாங்கிப் பாட வேண்டிய இடம்.

"ஆமா" என்றேன் நான்.

அதுவும் பாட்டு ஆமா இல்லை. வீட்டில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் சொல்கிற ஆமா.

சாமியாடி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அது சாமியின் கண் இல்லை. பீடி கேட்கிற மனிதனின் கண். நடுக்கம் நின்றுவிட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"போச்சு!" என்றார் கோயில் தலைவர். "வந்த சாமி திரும்பிப் போயிட்டுவே!"

குடமும் உடுக்கையும் நின்றுவிட்டன. என் கை மட்டும் நாணில் அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அப்போது இடப்பக்கமிருந்து செல்லப்பா எடுத்தான். இடத்தே இருப்பவன் எடுப்பது என்பது வில்லில் கிடையாது. வலத்தே ஆள் இருக்கும்போது எடுப்பது அவமரியாதை. எடுத்தேவிட்டான். நான் விட்ட சுருதிக்கு ஒன்றரைக் கட்டை மேலே, பேருந்துக் கூரையில் இருப்பவனுக்கும் கேட்கிற குரலில், "வாரானே" என்றான். ஒலிபெருக்கிக் குழாய் அதிர்ந்தது. அவன் வரியை முடிக்கும் முன் என் வாய் திறந்தது.

"ஆமா."

சரியான இடத்தில் விழுந்தது. அடுத்த வரி. ஆமா. அடுத்தது. ஆமா. வலத்தே உட்கார்ந்து வில்லை அடித்துக்கொண்டு, இடத்தே இருந்தவனுக்கு நான் ஆமா போட்டேன். பதினொரு வகையையும் போட்டேன். என் வேலைக் காலத்தில் அப்படி ஆமா போட்டதில்லை. தப்ப வேண்டும் என்று நினைத்திருந்தாலும் என்னால் தப்பியிருக்க முடியாது. சாமியாடி பீடத்தை நோக்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். குலவைச் சத்தத்தில் வில் மணிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஊர் பிழைத்தது.

இதுதான் அந்த மத்தியானம். என்னிடம் சொன்ன நூற்றுப் பதினேழு பேரும் இதை வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள். புலவர் வில்லின்மேல் மயங்கி விழுந்ததாகச் சிலர். புலவர் எறிந்த வீசுகோலைச் செல்லப்பா காற்றில் பிடித்ததாக ஒன்பது பேர். இடத்தே இருந்து பாடினான் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. அப்படியானால் வலத்தே இருந்து வில்லை அடித்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

புலவர் அன்று சாயங்காலம் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. குரல் இல்லை. குரல் திரும்பிய பிறகும் சொல்லவில்லை. அடுத்த கொடையில் செல்லப்பாவை வலத்தே தன் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவர் வில் கட்டும்போது கேட்டேன்.

"என்னை ஏன் திரும்ப வலத்துல வைக்கலை?"

கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வே பியூசி, அன்னைக்கு நீரு போட்ட ஆமாவக் கேட்டம்லா. உம்ம வலத்துல வச்சுட்டா, அந்த ஆமாவுக்கு நான் ஆரத் தேடுவேன்?"

பாராட்டுகிறார் என்று வேலாயுதம் சொன்னான். அவனுக்கு எல்லாமே பாராட்டு.

புலவர் ஓய்ந்த பிறகு குழு செல்லப்பாவுடையது ஆயிற்று. கண்டக்டர் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பேருக்கு முன்னால் பட்டம் வந்தது. பிறகு இன்னொரு பட்டம். இப்போது ஐந்து. என்னை விட்டுவிடவில்லை. "அண்ணாச்சி ஆமா இல்லாட்டி எனக்குக் கதை ஓடாது" என்று மேடையிலேயே சொல்வான். அவன் நல்லவன்தான். அவன் நல்லவனாக இருப்பது எனக்கு இன்னும் சிரமமாக இருந்தது.

சில வருடம் கழித்துச் சிவகிரிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலுக்கும், ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பெரிய கோயில் ஒன்றுக்கும் ஒரே நாளில் ஒப்புக்கொண்டுவிட்டான். பெரிய இடத்துக்கு அவன் போனான்.

"சிவகிரிக்கு நீங்க போங்க அண்ணாச்சி. வலத்துல உக்காருங்க. வேலாயுதத்தைக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

"போஸ்டர்ல உன் படம் போட்டிருக்கானுவ."

"மத்தியானக் கொடைதானே. கேட்டா, நான் பின்னால வாரேன்னு சொல்லுங்க."

யாரும் கேட்கவில்லை. சாயம் போன பந்தல். அறுபத்து மூன்று தலை. அதில் எட்டுப் பேர் தூக்கம். இந்த முறை நான் தயாராகப் போயிருந்தேன். வசனம் வரும் இடங்களில் வேலாயுதத்தை முன்கூட்டியே ஆமா போடச் சொல்லியிருந்தேன். வாக்கியம் பாதியில் இருக்கும்போதே குடத்துக்குப் பின்னாலிருந்து அவன் போட்டுவிடுவான். அழகில்லை. ஆனாலும் என் வாய்க்கு வேலை இருக்காது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

தாய் மகளைத் தேடும் இடம் வந்தது. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எனக்கு வேறு யோசனை இருந்தது. வீசுகோலை மடியில் வைத்துவிட்டு, குடத்தையும் உடுக்கையையும் தாளத்தையும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். வெறுந்தொண்டையில் பாடினேன்.

*வாசல்ல வச்ச தண்ணி காஞ்சுபோச்சே*
*வாரேன்னு போன தடம் தேஞ்சுபோச்சே*

அந்த இரண்டு வரிக்கும் ஆமா கிடையாது. நானும் போடவில்லை. அம்மன் வந்தது, கதை முடிந்தது, வாழி பாடி வில்லை அவிழ்த்தோம். கோயில்காரர் ஆளுக்கு ஒரு தேங்காய் மூடி கொடுத்தார். "அடுத்த வருசமாவது செல்லப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஊர் திரும்பினோம். அவ்வளவுதான். அதை யாரும் பேசவில்லை. தப்பாமல் பாடினால் பேசுவதற்கு என்ன இருக்கிறது? என் வேலைக் காலம் முழுவதிலும் நான் வலத்தே உட்கார்ந்து ஒரு கதையை முழுதாகப் பாடி முடித்தது அந்த ஒரு முறைதான். அறுபதை எட்டியதும் விட்டுவிட்டேன்.

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதியிருந்தபோது, போன வாரம், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்குப் போனேன். சிஸ்டர் சொட்டு மருந்து விட்டு, கூப்பிடும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வரிசையாக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தோம். வெளியே ஓர் ஆட்டோ, ஏதோ ஊர்க் கொடையில் செல்லப்பாவின் வில்லுப்பாட்டு என்று ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டு போயிற்று.

என் வலப்பக்கம் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். "செல்லப்பா வில்லு கேட்டிருக்கேளா அண்ணாச்சி?"

"கேட்டிருக்கேன்."

"இப்பம் பாடுததெல்லாம் சும்மா. எங்க ஊரு சிவகிரிப் பக்கம். அங்கன ஒரு மத்தியானக் கொடைக்குப் பாடுனான் பாருங்க, அது பாட்டு."

நூற்றுப் பதினெட்டு என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் அவர் சொன்ன ஊர் உறைத்தது.

"எந்தக் கதை?" என்றேன்.

"அம்மன் கதை. மகளக் காணாம ஆத்தாக்காரி தேடுத எடம். சடார்னு வில்ல நிறுத்திட்டான். குடமில்ல, உடுக்கில்ல, ஒண்ணும் கிடையாது. வெறுந்தொண்ட. வச்ச தண்ணி காஞ்சுபோச்சேன்னு ஒரு இழுப்பு இழுத்தான்." அவர் பெஞ்சில் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு மூணு மாசம் முன்னால என் தம்பி கெணத்துல விழுந்து செத்துப்போனான். எங்க அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை அண்ணாச்சி. சாப்பிடுவா, தூங்குவா, பேச மாட்டா. பித்துப் பிடிச்சிரும்னு பயந்துபோயிக் கெடந்தோம். அன்னைக்கு அந்தப் பாட்டுக்கு அங்கனயே மண்ணுல உக்காந்து அழுதா. மூணு மாசத்து அழுகைய ஒருமிக்க அழுதா. அதுக்குப் பெறவுதான் மனுசியானா. செல்லப்பா எங்களுக்குச் சாமி மாதிரி."

மூடிய கண்ணுக்குள் மருந்து எரிந்தது. அந்தப் பந்தலில் நான் தலை எண்ணினேன். அழுதவர்களை எண்ணவில்லை.

"அது செல்லப்பா இல்ல" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கு அவன் ராஜபாளையத்துப் பக்கம் பாடிக்கிட்டிருந்தான். உங்க ஊர்ல பாடுனது நாந்தான்."

"நீரா?" மரியாதை சட்டென்று குறைந்தது. "சும்மா இரும்வே. அந்தப் போஸ்டர ஒட்டுனவனே நாந்தான். பசை காயுத வரைக்கும் அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னவன். எங்கிட்டயா?"

"போஸ்டர்ல அவன் படம். வில்லுல நான்."

"அப்பம் பாடும் பாப்போம்."

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன். அந்த இரண்டு வரியையும் பாடினேன். அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. ஒரு எழுத்து மாறவில்லை. வராந்தா கடைசியில் சிஸ்டர் நாற்காலி நகர்த்துவது நின்றது.

பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டித் துழாவினார். பிறகு என் முழங்காலைத் தடவித் தட்டினார்.

"நல்லாத்தான் பாடுதீரு. குத்தம் சொல்லல" என்றார். "ஆனா அன்னைக்குச் செல்லப்பா பாடுனது வேற."

அந்த மத்தியானத்துக் குரலை நானும் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அன்றைக்குச் சிவகிரியில் பாடியவன்மேல் எனக்கே பொறாமையாக இருந்தது.